தார் பூசிய வளைவு

நான் பெரம்பலூருக்குப் போனது ஒரு டப்பா தாருக்காக.

எங்கள் ஆபீஸ் மலேசியாவில், ஈப்போவில் இருக்கிறது. பழைய இடங்களைப் பழுதுபார்க்கப் பணம் கொடுக்கும் சின்ன அறக்கட்டளை. மேலாளர் மிஸஸ் லிம் ஒருநாள் என் மேசையில் ஒரு புகைப்படத்தை வைத்து, "இதைப் படித்துச் சொல்" என்றார். ஏதோ பூங்காவின் வாசலில் நிற்கும் சிமெண்ட் வளைவு. வெளிப்பக்கம் 'வருக வருக' என்று இருந்தது. உள்பக்கம் எழுதியிருந்ததன்மேல் யாரோ தாரை அள்ளி அப்பியிருந்தார்கள். படிப்பதற்கு அங்கே தார்தான் இருக்கிறது என்றேன்.

படத்தோடு வந்த விண்ணப்பத்தையும் நான்தான் மொழிபெயர்த்தேன். ரஞ்சன்குடிக் கோட்டைக்குச் சற்றுத் தள்ளி, ஒரு காலத்தில் போர் நடந்த வெளியில் பூங்கா ஒன்று அமைத்திருக்கிறார்கள். அது பாழாகிக் கிடக்கிறது. சீர்செய்யப் பணம் கிடைக்காவிட்டால் அந்தப் புறம்போக்கு நிலம் கல்குவாரிக்குப் போய்விடும். கடைசியில் ஒரு வரி: 'சமூக விரோதிகள் வளைவின் உள்பக்கம் அடிக்கடி தார் பூசிவிடுகின்றனர்.'

தமிழ்நாட்டில் சுவரில் எச்சில் துப்பினாலும் சமூக விரோதிதான். மிஸஸ் லிம்முக்கு அது தெரியுமா? சமூகத்துக்கே விரோதிகள் என்றால் ஆயுதம் வைத்திருப்பார்களா என்று கேட்டார். ஊர்க்காரர்களுக்கே வேண்டாத பூங்காவுக்குப் பணம் கொடுக்க மாட்டோம், நீ போய்ப் பார்த்துவிட்டு வா, உன் பேச்சுதான் முடிவு என்றார்.

மிஸஸ் லிம்முக்குத் தெரிந்த தமிழ் ஒரே ஒரு வாசகம். சாயங்காலம் ஆபீஸைவிட்டுக் கிளம்பும்போது நான் சொல்லும் 'போயிட்டு வரேன்'. வெறுமனே போகிறேன் என்று நாங்கள் சொல்ல மாட்டோம், திரும்பி வருவேன் என்பதையும் சேர்த்துத்தான் சொல்வோம் என்று எப்போதோ விளக்கியிருந்தேன். அது அவருக்குப் பிடித்துப்போய், முந்திக் கிளம்பும் நாட்களில் அவரும் சொல்கிறார். நான் கணினியிலிருந்து தலையைத் தூக்காமல் 'ம்' என்பேன்.

திருச்சியில் இறங்கிப் பெரம்பலூர் பஸ்ஸில் உட்கார்ந்ததுமே பக்கத்து சீட்டு அம்மாள், "பூர்வீகம் எதுங்க?" என்றார். தெரியாது என்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில் வீடு தீப்பற்றி எரிந்தவளைப் பார்க்கும் இரக்கம் இருந்தது. அன்றைக்கு மட்டும் டீக்கடைக்காரர், லாட்ஜ் மேனேஜர், மருந்துக்கடைப் பெண் என்று எல்லோரும் அதையே கேட்டார்கள். கடைசியில் சிதம்பரம் என்று ஒரு பொய்யைச் சொல்லி நிம்மதியாக இருந்தேன்.

சாப்பாட்டில் குறை சொல்ல முடியாது. லாட்ஜுக்கு எதிரே இருந்த மெஸ்ஸில் இட்லிக்குச் சின்ன வெங்காயச் சட்னி வைத்தார்கள். எங்கள் ஊரில் சின்ன வெங்காயத்தை எண்ணிப் போடுவோம். இங்கே வாளியில் கொண்டுவந்து ஊற்றுகிறார்கள். டீ மட்டும் கண்ணாடி கிளாஸில் நாலு வாய்தான் வருகிறது. ஈப்போவில் இதைக் கொடுத்தால் மீதி எங்கே என்று கேட்போம்.

மறுநாள் காலையில் விண்ணப்பம் எழுதிய ராஜேந்திரன் வந்தார். உரக்கடை வைத்திருப்பவர், பூங்காக் கமிட்டியின் செயலாளர், ஐம்பதைத் தாண்டியவர். மொபெட்டின் முன்னால் யூரியா மூட்டை, பின்னால் நான். "பார்க்கு இருக்குற பட்டாளத்தான் காட்டுக்குப் போவோங்க மேடம்" என்று முந்தின நாளே போனில் சொல்லியிருந்தார். எனக்குக் காடு என்றால் அட்டை கடிக்கும், பாம்பு தொங்கும், கூடாரம் வேண்டும். மெனக்கெட்டு முழங்கால்வரை பூட்ஸ் போட்டு வந்திருந்தேன். போய்ப் பார்த்தால் கண்ணுக்கு எட்டியவரை ஒரு மரம் இல்லை. இந்தப் பக்கத்தில் வானம் பார்த்த நிலத்துக்குத்தான் காடு என்று பேர். ராஜேந்திரன் என் பூட்ஸைப் பார்த்துவிட்டு ரொம்ப மரியாதையாக வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

நவாபு பதவிக்காக இரண்டு கூட்டம் அடித்துக்கொண்ட காலத்துச் சண்டை அது. ஒரு பக்கத்துக்கு இங்கிலீஷ்காரன் துணை, மறு பக்கத்துக்குப் பிரெஞ்சுக்காரன். "செத்ததுல பாதிக்கு மேல நம்ம பக்கத்து ஆளுங்கதான் மேடம். கூலிக்குத் துப்பாக்கி புடிச்சவங்க. பேரு எங்கயும் கெடையாது" என்றார் ராஜேந்திரன். பெரிய பெரிய கருங்கல் பாறைகளுக்கு மேலே தூரத்தில் கோட்டைச் சுவர் தெரிந்தது.

வளைவுக்குள் நுழைந்ததும் சத்தம் நின்றது. நெடுஞ்சாலை லாரிகளின் இரைச்சல் அதுவரை காதைத் துளைத்துக்கொண்டிருந்தது. கதவைச் சாத்தினால் அடங்குமே, அப்படி அடங்கியது. அங்கே கதவு எதுவும் இல்லை. உடைந்த சிமெண்ட் பெஞ்சுகள், துருப்பிடித்த ஊஞ்சல் கம்பி, எழுத்து அழிந்த நினைவுக்கல், எல்லாவற்றையும் மூடி சீமைக்கருவேலம். நட்டநடுவே மட்டும் ஓராள் அகலத்துக்கு ஒரு தடம் முள்ளில்லாமல், மண் மிதிபட்டு மழமழவென்று வளைவிலிருந்து கோட்டையைப் பார்த்துப் போயிற்று.

"ஆடு போற தடமா?" என்றேன்.

"ஆடு உள்ள வராதுங்க."

"அப்போ ஆட்கள்?"

"ஆளு யாரு மேடம் வர்றாங்க? அதுக்குத்தானே உங்ககிட்ட எழுதிப் போட்டோம்."

வேலிக்கு அந்தப் பக்கம் வெங்காயக் காடு. ஓரமாகப் பட்டறை போட்டிருந்தார்கள். அறுவடை செய்த வெங்காயத்தைக் கல்லுக்குமேல் இடுப்புயரத்துக்கு நீளமாகக் குவித்து, ஓலை போட்டு மூடிவைப்பதற்குப் பட்டறை என்று பெயர். வரிசையாக ஆட்களைப் படுக்கவைத்துப் போர்த்திவிட்டது மாதிரி இருந்தது. நான் பேய் பிசாசை நம்புகிறவள் இல்லை. ஆனாலும் அந்தப் பக்கம் அதிகம் பார்க்கவில்லை.

அந்தக் காட்டில் ஒரு பெண் தனியாகக் களை எடுத்துக்கொண்டிருந்தாள். நாற்பத்தைந்து வயது இருக்கும், தலையில் துண்டு. செல்லம்மா என்று ராஜேந்திரன் சொன்னார். யார் தார் பூசுகிறார்கள் தெரியுமா என்று வேலிக்கு இந்தப் பக்கம் நின்றபடியே கத்திக் கேட்டேன். அவள் நிமிர்ந்து ராஜேந்திரனைப் பார்த்தாள். ராஜேந்திரன் கோட்டையைப் பார்த்தார். "தெரியலீங்க" என்று குனிந்துகொண்டாள். அதற்குமேல் ஒன்றும் பெயரவில்லை. படங்கள் எடுத்துக்கொண்டு திரும்பினேன். வளைவைத் தாண்டும் முன் பழக்கதோஷத்தில் கையைத் தூக்கி, "போயிட்டு வரேன்மா!" என்றேன்.

"ம்."

என் வலது காதுக்குப் பக்கத்தில், கணினியைப் பார்த்துக்கொண்டே சொல்வது போல ஒரு 'ம்'. ஆண் குரல். ராஜேந்திரன்தான் என்று நினைத்துத் திரும்பாமல் நடந்தேன். தூரத்தில் செல்லம்மா களைக்கொத்தோடு விறைத்து நின்றுகொண்டிருந்தாள்.

மொபெட்டில் பாதி வழியில்தான் பேச்சுவாக்கில் கேட்டேன். "நான் அந்தம்மாகிட்ட சொன்னதுக்கு நீங்க ஏன் 'ம்' போட்டீங்க?"

"நான் எங்க மேடம் போட்டேன்? ஆம்பளைக் கொரலு மாதிரி இருக்கேன்னு நானே பாத்தேன். உங்களுக்குத் தொண்டை கட்டியிருக்கும்னு..." என்று சொல்லிக்கொண்டே வந்தவர் நிறுத்திவிட்டார். வண்டி ஒரு தடவை ஆடியது. லாட்ஜ் வாசலில் வந்துதான் நிறுத்தினார். அவசரத்தில் யூரியா மூட்டையை என்னோடு இறக்கி வைத்துவிட்டுப் போய்விட்டார்.

அடுத்த நாள் அரியலூர். குவாரி வந்தால் ஒரு நிலம் என்ன ஆகும் என்று அங்கே போய்ப் பாருங்கள் என்று ராஜேந்திரன்தான் சொல்லியிருந்தார். அங்கே சிமெண்டுக்காகச் சுண்ணாம்புக்கல் வெட்டுகிறார்கள். ரோட்டோரத்து இலையெல்லாம் மாவு தூவியது போல் வெள்ளை. எங்கள் ஈப்போவிலும் சுண்ணாம்பு மலைகள் உண்டு, அவற்றையும் குடைகிறார்கள். ஆனால் எங்களுக்கு மலை குறைவது தெரியும். இங்கே தரை பள்ளமாகிப் பச்சைத் தண்ணீர் தேங்கி நிற்கிறது. அரியலூரில் ஒரு காலத்தில் கடல் இருந்ததாம். டீக்கடையில் கல்லாகிப்போன கிளிஞ்சல் ஒன்றைக் காட்டினார்கள். உள்ளங்கையில் வைத்ததும் ஜில்லென்றிருந்தது. வெளியே அனல் அடித்தது.

டவுன் பஸ்ஸில் ஜன்னலோரம் இருந்த பெண் என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தானாகவே பள்ளத்தைக் காட்டினாள். "அந்தா, தண்ணி நடுவுல எங்க காடு இருக்குதுங்க" என்றாள். இருந்தது என்று சொல்லவில்லை. எங்கே என்று கேட்டேன். கொஞ்சம் கோபமாக, "அதான் அந்தரத்துல" என்று தண்ணீருக்கு மேலே வெறும் காற்றை விரலால் கட்டம் போட்டுக் காட்டினாள். நானும் தலையாட்டினேன்.

மத்தியானம் ஒரு தள்ளுவண்டியில் கம்பங்கூழும் மோர்மிளகாயும் வாங்கிச் சாப்பிட்டுவிட்டுத் திரும்பும் பஸ்ஸில் ஏறினேன். பெரம்பலூர் என்று சொல்லி டிக்கெட் வாங்கியது நன்றாக நினைவிருக்கிறது. கூழ் தன் வேலையைக் காட்டியது, தூங்கிவிட்டேன்.

"யம்மா, எறங்குங்க. நீங்க கேட்ட எடம் வந்துடுச்சு."

கண்ணைத் திறந்தால் வெளியே வளைவு. பெரம்பலூர் எப்போதோ போய்விட்டிருந்தது.

"நான் பெரம்பலூர்தானே கேட்டேன்?"

கண்டக்டருக்கு என்மேல் வருத்தம். "என்னங்க இது! பட்டாளத்தான் காட்டு ஆர்ச்சுன்னு நீங்கதான சொன்னீங்க. அங்க ஸ்டாப்பிங் இல்லியேன்னேன். நிறுத்துங்க, சொல்லிட்டு வந்திருக்கேன்னீங்க. டிக்கெட்டைப் பாருங்க."

டிக்கெட்டைப் பார்த்தேன். அவர் சொன்னதுதான் சரி, பெரம்பலூரைத் தாண்டிய ஸ்டாப்புக்குத்தான் போட்டிருந்தது. பஸ்ஸே என்னைப் பார்த்துக்கொண்டிருந்ததால் இறங்கிவிட்டேன். எனக்குப் பயம்தான். ஒத்துக்கொள்வதில் எனக்கு வெட்கமில்லை.

வெயில் சாயத் தொடங்கியிருந்தது. வளைவுக்கு வெளியே ரோட்டோரக் கல்லில் செல்லம்மா உட்கார்ந்திருந்தாள்.

"வாங்கக்கா. நேத்தே வருவீங்கன்னு நெனைச்சேன்."

"ஏன்?"

"சொல்லிட்டுப் போனீங்கல்ல."

அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். சுற்றி வளைக்காமல் அவளே சொன்னாள். தார் பூசுவது அவள்தான். கிணற்றடி மோட்டார் கொட்டகையில் டப்பாவும் பிரஷ்ஷும் வைத்திருக்கிறாள். ராஜேந்திரன் பெயிண்ட் அடிக்க அடிக்க, அவள் பூசப் பூச, இப்படியே ஓடுகிறது. ராஜேந்திரனுக்கும் தெரியும்.

"தெரிஞ்சுமா சமூக விரோதின்னு எழுதினார்?"

"என் பேரை எழுதச் சொல்றீங்களா? பூசுனது நான், காரணம் இதுன்னு வெளிநாட்டுக்கு எழுதுனா சிரிப்பாங்கன்னு அண்ணனுக்கு வெக்கம்."

"அப்படி என்னதான் எழுதியிருந்தது அங்கே?"

"மீண்டும் வருகன்னு."

எல்லா ஊரிலும் எழுதுவதுதானே என்றேன். அவள் வளைவுக்கு உள்ளே பார்த்தாள். மிதிபட்ட அந்தத் தடம் சாய்ந்த வெயிலில் பளபளத்தது.

"சண்டைக்கு வந்தவன் ஒவ்வொருத்தனும் அவனவன் வூட்ல போயிட்டு வரேன்னு சொல்லிட்டுத்தானக்கா வந்திருப்பான்? ஒருத்தனும் போவல. அந்தச் சொல்லு இங்கயே நிக்குது. இந்தக் காட்டுக்குள்ள நின்னு நாம வரேன்னு சொன்னா அவங்க கேட்டுக்குறாங்க. வரேன்னு சொன்னவன் வரலன்னா என்னாவும்னு அவங்களுக்குத்தான தெரியும்? அதனால வுட மாட்டாங்க. வரவெச்சிருவாங்க. எங்க சனம் இங்க வாயே தொறக்காது. கூடையத் தூக்கிட்டுப் போய்க்கிட்டே இருப்போம். போர்டுல எழுதிவெச்சா? வெளியூர்லேருந்து வர்றவன் படிச்சிட்டு மனசுக்குள்ள சரிங்கிறானா இல்லியா? அதுவும் சொன்ன மாதிரிதான்."

சிரித்திருப்பேன். டிக்கெட் கையில் இருந்தது.

"அப்போ உனக்கு இந்தப் பூங்கா வேண்டாம், அப்படித்தானே?"

அவள் பதறிவிட்டாள். "ஐயோ, யாருக்கா சொன்னா? பார்க்கு இல்லன்னா குவாரி வரும். வெடி வெச்சா என் கெணத்துல தண்ணி நிக்குமா? பட்டறையில வெங்காயம் தங்குமா? வூட்டுக்காரர் போனதுக்கப்பறம் எனக்கும் எம் பொண்ணுக்கும் இந்த ரெண்டு ஏக்கருதான்."

பணம் நின்றதே தாரால்தான் என்று அப்போதுதான் சொன்னேன். ஊர் எதிர்க்கிறது என்று எங்கள் ஆபீஸில் நினைத்துவிட்டார்கள் என்றேன். செல்லம்மா தலையில் இருந்த துண்டை அவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டாள். "அப்ப நாந்தான் கெடுத்துட்டேனாக்கா?" என்றாள். அவளும் கெடுக்கவில்லை, ராஜேந்திரனும் கெடுக்கவில்லை. ஒருத்தி சொல்லப் பயந்தாள், ஒருவர் சொல்ல வெட்கப்பட்டார், எட்டி இருந்த நாங்கள் ஆயுதம் இருக்குமா என்று கவலைப்பட்டோம்.

பணத்துக்கு நான் பொறுப்பு, அந்த இரண்டு சொல் மட்டும் இருக்காது என்று வாக்குக் கொடுத்தேன். அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். சொரசொரப்பான கை, வெங்காய வாசம். பிறகு, "நீங்க சொன்னதை முறிச்சிட்டுப் போங்கக்கா. இல்லன்னா இழுத்துக்கிட்டே இருக்கும்" என்றாள். முறிப்பதற்கு ஒரு வழிதான். உள்ளே போய் நின்று, போறேன் என்று மட்டும் சொல்ல வேண்டும். சொன்ன பிறகு இந்தக் காட்டுக்குள் மறுபடி கால் வைக்கக் கூடாது.

கேட்க எளிதாக இருக்கிறது. சின்ன வயதில் ஒருமுறை பள்ளிக்கூடத்துக்குப் புறப்படும்போது போறேன் என்று சொன்னதற்கு என் அம்மா ஓங்கி ஒன்று வைத்தார். அதற்கப்புறம் அந்தச் சொல்லைத் தனியாக நான் சொன்னதே இல்லை. வளைவுக்குள் நுழைந்தேன். லாரி இரைச்சல் நின்றது. செல்லம்மா வெளியே முதுகைக் காட்டி நின்றுகொண்டாள்.

வாயைத் திறந்தால் 'போயிட்டு' என்றுதான் வருகிறது. அதை விழுங்கினேன். இன்னொரு முறை முயன்றேன்.

"போறேன்."

பதில் இல்லை. காத்திருந்தேன். இலைகூட அசையவில்லை. அந்த 'ம்' ராஜேந்திரனுடையது இல்லை என்று தெரிந்தபோது வந்தது பயம் மட்டும்தான். இப்போது அழுகை வந்தது. ஒரு கூட்டமே என்னை வழியனுப்பக் கிட்டே வந்து, நான் சொன்னதைக் கேட்டுவிட்டு, ஒன்றும் பேசாமல் ஒதுங்கி வழிவிட்டது போல இருந்தது. வெளியே வந்து, வந்த பஸ்ஸில் ஏறிக்கொண்டேன். செல்லம்மாவிடம் எதுவும் சொல்லவில்லை. அவளும் தலையை மட்டும் அசைத்தாள். அந்த பஸ் ஒழுங்காகப் பெரம்பலூரில் நின்றது.

ஈப்போ திரும்பி என் அறிக்கையை எழுதினேன். ஊர் மக்கள் பூங்காவை மனதார விரும்புகிறார்கள், சமூக விரோதிகள் யாருமில்லை, வளைவின் உள்பக்கம் எதுவும் எழுதாமல் வெள்ளையாக விடுவது ஊர் வழக்கம் என்று எழுதினேன். ஏன் என்று எழுதவில்லை. ராஜேந்திரனைக் குறை சொன்னேனே தவிர, எனக்கும் அதே வெட்கம்தான். மிஸஸ் லிம் காரணம் கேட்கவில்லை, கையெழுத்துப் போட்டுவிட்டார்.

பூங்கா வேலை முடிந்தது. குவாரிப் பேச்சு நின்றுபோனது. செல்லம்மா போனில், "கெணறு இருக்குதுக்கா, வெங்காயம் நல்லா காயுது. தார் டப்பாவைத் தூக்கிக் குப்பையில போட்டுட்டேன்" என்றாள். அவள் சிரித்து அன்றுதான் கேட்டேன். திறப்பு விழாவுக்கு எனக்கு அழைப்பு வந்தது. போறேன் என்று சொன்னவள் எப்படிப் போவது? உடம்பு சரியில்லை என்றேன். எனக்குப் பதிலாக மிஸஸ் லிம் போனார்.

போன வாரம் திரும்பிவந்தார். ஆபீஸுக்குக் கீழே உள்ள கடையில் ஒயிட் காபி குடித்தபடி எல்லாவற்றையும் சொன்னார். மாலை போட்டார்களாம். வெங்காயச் சட்னி அபாரமாம். செல்லம்மா ஒரு பை நிறைய வெங்காயம் கொடுத்து, அதை விமான நிலையத்தில் பிடுங்கிக்கொண்டார்களாம்.

"கடைசியில் எல்லோரும் வெளியே கார்கிட்டே போய்விட்டார்கள். நான் மட்டும் படம் எடுக்கப் பின்தங்கிவிட்டேன்" என்றார். "புறப்படும்போது உன் தமிழைச் சொன்னேன். அந்த இடத்துக்கே சொல்லலாம் என்று தோன்றியது. போயிட்டு வரேன்."

நான் கோப்பையைக் கீழே வைத்தேன்.

"ரொம்ப மரியாதையான ஊர். யாரோ பக்கத்திலேயே 'ம்' என்றார்கள். நீ சொல்வாயே, அதே மாதிரி."

காபியை முடித்துவிட்டு அவர் போனில் எதையோ தேட ஆரம்பித்தார். அடுத்த மாதம் திருச்சிக்கு டிக்கெட் பார்க்கிறாராம். எதற்கு, அங்கேதான் வேலை எல்லாம் முடிந்துவிட்டதே என்றேன். அவர் போனிலிருந்து நிமிர்ந்தார். அவருக்கே புரியவில்லை என்பது முகத்தில் தெரிந்தது.

"தெரியவில்லை" என்றார். "சொல்லிவிட்டு வந்துவிட்டேனே."